பாட்டிலா, சில்லா? கச்சா எண்ணெய்ப் பால்மத்தை ஆராயக் கருவி தேரும் முன்

எண்ணெய் வயல் ஆய்வகங்களில் கருவி வாங்கத் தொகை ஒதுக்கப்படும் வேளையில், அண்மை ஆண்டுகளாக ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. மருந்திட்ட எண்ணெயைப் பாட்டிலில் வைத்து நீர் இறங்குவதைப் பார்க்கும், நூறாண்டுப் பழக்கமான பாட்டில் சோதனையையே தொடர்வதா, அல்லது தலைமுடியின் பருமனே உள்ள வாய்க்கால்களைக் கண்ணாடிச் சில்லில் செதுக்கி, அவற்றில் எண்ணெயையும் நீரையும் ஓடவிட்டு, துளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் நுண்பாய்மவியலுக்கு மாறுவதா என்பதே அந்த வாதம். இரண்டையும் கையாண்டு, இரண்டிலும் ஏமாந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்குள் நீர் சிக்கியிருக்கும் சிக்கலுக்கு மருந்து தேடுபவர் பாட்டிலை விட்டு விலக வேண்டியதில்லை. நீருக்குள் எண்ணெய் சிக்கியிருக்கும் சிக்கலை ஆராய்பவர் சில்லை முதலில் வாங்கலாம். இந்த வேறுபாடு ஏன் என்பதற்கு, துளிகளிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றுக்குள் நுண்துளிகளாகச் சிதறி நிற்பதைப் பால்மம் என்கிறோம். பெயரே பாலிலிருந்து வந்ததுதான். பாறைக்குள் எண்ணெயும் உப்புநீரும் பெரும்பாலும் அமைதியாக அருகருகே இருக்கின்றன. அவற்றைக் கடைவன கிணற்றுக்குள் இறக்கிய மின்பம்பும், அழுத்தத்தைக் குறைக்கும் சோக் வால்வும், குழாய் வளைவுகளும்தாம். அப்படிச் சிதறிய நீர்த்துளிகளின் மேல் எண்ணெயிலுள்ள ஆஸ்பால்டீன் என்னும் கனமான கரிம மூலக்கூறுகள், பிசின், மெழுகு, நுண்களிமண், இரும்பு சல்பைடு ஆகியவை படிந்து ஒரு தோலாகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒற்றை நீர்த்துளியை நுண்குழாய் முனையில் பிடித்து உள்ளிருக்கும் நீரை மெல்ல உறிஞ்சியபோது, துளி உருண்டை வடிவத்திலேயே சிறுத்துப் போகாமல், காய்ந்த திராட்சையைப் போலச் சுருங்கி மடிந்தது. அந்தச் சுருக்கத்தைப் படத்திலேனும் ஒருமுறை பார்த்தவருக்கு, இரண்டு நீர்த்துளிகள் மோதியும் ஏன் சேர்வதில்லை என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். 20 மைக்ரான் விட்டமுள்ள நீர்த்துளி, 10 மில்லிபாஸ்கல்-விநாடி பாகுத்தன்மையுள்ள எண்ணெயில், அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 150 கிலோகிராம் என்று கொண்டால், ஸ்டோக்ஸ் விதிப்படி விநாடிக்கு ஏறத்தாழ 3 மைக்ரான் வேகத்தில்தான் கீழிறங்கும். 10 சென்டிமீட்டர் இறங்க எட்டரை மணி நேரம் ஆகும். தன்னையொத்த ஆயிரம் துளிகளோடு அது ஒன்றாகிவிட்டால் விட்டம் 200 மைக்ரான் ஆகும். அப்போது அதே தொலைவுக்கு ஐந்து நிமிடம் போதும். பிரிப்புத் தொட்டியில் எண்ணெய் தங்குவது நிமிடக் கணக்கில்தான். ஆகவே எல்லாச் சிக்கலும் துளிகள் இணைவதில் இருக்கிறது; இறங்குவது அதன் பின்விளைவு. பாட்டில் இவ்விரண்டையும் சேர்த்தே காட்டும். சில்லு இணைவை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டும். இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு இதுதான்.

பாட்டில் எதைச் சொல்கிறது

பால்மத்தை உடைக்கும் தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. மின்புலத்தால் கச்சா எண்ணெயிலிருந்து நீரைப் பிரிக்கும் முறைக்கு ஃபிரெடெரிக் காட்ரெல் 1911இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வேதிப்பொருளால் பிரிக்கும் முறைக்கு வில்லியம் பார்னிக்கல் 1914இல் பெற்றார். பால்மமுறிப்பான், அதாவது வயலில் எல்லோரும் டிமல்சிஃபையர் என்று சொல்லும் மருந்து, அன்றிலிருந்து எவ்வளவோ மாறிவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்கும் விதம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

100 மில்லிலிட்டர் அளவுகோடிட்ட பாட்டில்கள் ஆறோ பன்னிரண்டோ வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் வயலிலிருந்து அப்போதே எடுத்த பால்மத்தை நிரப்பி, ஒவ்வொரு மருந்தையும் ஒரே அளவில் இட வேண்டும். 100 மில்லிலிட்டருக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு) என்றால் 5 மைக்ரோலிட்டர்தான் வரும். அவ்வளவு சிறிய, பிசுபிசுப்பான அளவைப் பிழையின்றி இடுவது கடினம் என்பதால், மருந்தைச் சைலீனில் பத்து விழுக்காடாகக் கரைத்து 50 மைக்ரோலிட்டர் விடுவது வழக்கம். பிறகு நூறு முறை குலுக்கி, 60 பாகை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, ஐந்தாம், பத்தாம், பதினைந்தாம், முப்பதாம் நிமிடங்களில் அடியில் எவ்வளவு நீர் இறங்கியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். கடைசியாக மேல்மட்ட எண்ணெயைச் சிரிஞ்சால் எடுத்து, கரைப்பான் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அதில் எஞ்சிய நீரையும் கசடையும் அளக்க வேண்டும். எண்ணெயை வாங்குபவர் பொதுவாக 0.5 முதல் 1 விழுக்காடு வரைதான் ஏற்பார் என்பதால், விலையோடு நேரடித் தொடர்புள்ள எண் இந்தக் கடைசி எண்தான்.

புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் நிமிட அளவைப் பார்த்து மயங்குவார்கள். வேகமாக நீரை இறக்கும் மருந்தே சிறந்த மருந்து என்று ஆகாது. சில மருந்துகள் பெரிய துளிகளை மளமளவென்று இறக்கிவிட்டு, நுண்துளிகளை மேலேயே விட்டுவிடும். வேறு சில, எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே கந்தல் துணி தொங்குவது போன்ற ஒரு படலத்தைத் தங்கவைக்கும். ஆங்கிலத்தில் கந்தலுக்கான சொல்லைக் கொண்டே அதை 'ராக்' என்கிறார்கள். பாட்டிலில் அரைச் சென்டிமீட்டர் தடிமனில் தெரியும் ராக், நாளெல்லாம் ஓடும் பிரிப்புத் தொட்டியில் அடுக்கடுக்காகச் சேர்ந்து மட்டமானியையே குழப்பிவிடும். பாட்டிலைச் சாய்த்து, அந்தப் படலம் கண்ணாடிச் சுவரில் ஒட்டுகிறதா, வழுக்கி இறங்குகிறதா என்று பார்க்கும் அனுபவக் கண்ணுக்கு ஈடான கருவி எனக்குத் தெரிந்து இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

பாட்டிலின் குறைகளும் சிறியவை அல்ல. குலுக்குபவரின் கைக்கேற்ப முடிவு மாறும். இதைக் குலுக்கும் இயந்திரம் ஓரளவு சரிசெய்யும். கச்சா எண்ணெய் கரியதாக இருப்பதால், நீர் இறங்கும்வரை உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அழுத்தம் நீங்கி, கரைந்திருந்த வாயு போய்விட்ட எண்ணெயைத்தான் அதில் சோதிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மருந்து தோற்றால் ஏன் தோற்றது என்று பாட்டில் சொல்லாது. மருந்து துளியின் மேற்பரப்பை எட்டவே இல்லையா, எட்டியும் தோலைக் குலைக்கவில்லையா, தோல் குலைந்தும் துளிகள் மோதவில்லையா என்ற மூன்று கேள்விகளுக்கும் பாட்டிலில் ஒரே விடைதான்: நீர் இறங்கவில்லை.

சில்லு எதைச் சொல்கிறது

இந்த 'ஏன்' என்ற கேள்விக்காகத்தான் சில்லு வருகிறது. எண்ணெய் ஓடும் வாய்க்காலில் பக்கவாட்டிலிருந்து நீர் வந்து சேரும் டி-சந்திப்பில் துளிகள் ஒரே அளவாக அறுபடுகின்றன என்பதைக் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள்; இரு பக்கமும் நெருக்கித் துளியை வெட்டும் மற்றொரு அமைப்பு 2003இல் வெளியானது. பிறகு வந்தவர்கள் அந்தத் துளிகளை ஓர் அகன்ற அறைக்குள் விட்டார்கள். அங்கே ஓட்டம் மெதுவாகி, துளிகள் ஒன்றையொன்று நெருங்கி மோதும். வேகக் கேமரா அதைப் பதிவு செய்யும். நுழையும்போது இருந்த துளி அளவையும் வெளியேறும்போது இருக்கும் துளி அளவையும் ஒப்பிட்டால், எத்தனை மோதலுக்கு எத்தனை இணைவு, தொட்ட பிறகு எத்தனை மில்லிவிநாடியில் இணைவு என்ற எண்கள் நேரடியாகக் கிடைக்கின்றன. பாட்டிலில் அரை மணி நேரம் காத்திருந்து பெறும் ஒற்றை எண்ணுக்கு மாற்றாக, ஒரு நிமிடப் படப்பதிவில் ஆயிரக்கணக்கான நிகழ்வுகள் கிடைக்கும்.

முதன்முறை பார்த்தபோது எனக்கு வியப்பளித்தது இந்த எண்கள் அல்ல, நிறம். பாட்டிலில் தார் போல் நின்ற அதே எண்ணெய், 40 மைக்ரான் ஆழ வாய்க்காலில் தேயிலை வடிநீரின் நிறத்தில் ஓடியது. உள்ளே நீர்த்துளிகள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றின் விளிம்பில் ஒட்டியிருந்த கரிய துகள்கள்கூடத் தெரிந்தன. ஒளி கடக்க வேண்டிய தடிமன் குறைந்தால் கரிய எண்ணெயும் கண்ணாடியாகிவிடுகிறது என்பது அறிவுக்கு எளிதுதான். நேரில் காண்பது வேறு.

மின்புலச் சோதனைக்கும் சில்லு வசதியானது. தொழிற்கூட மின்பிரிப்பான்களில் சென்டிமீட்டருக்குச் சில கிலோவோல்ட் என்ற அளவில் மின்புலம் தர உயர் மின்னழுத்தம் தேவை. 100 மைக்ரான் இடைவெளியில் சென்டிமீட்டருக்கு 2 கிலோவோல்ட் மின்புலத்தை எட்ட 20 வோல்ட் போதும். மாதிரியும் மிகக் குறைவாகத்தான் செலவாகும். பன்னிரண்டு பாட்டில்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். சில்லுக்கு ஒரு மில்லிலிட்டரே தாராளம். ஆழ்கடலில் துரப்பணம் செய்த ஆய்வுக் கிணற்றிலிருந்து அரை லிட்டர் மட்டும் வந்திருக்கும்போது இந்த வேறுபாட்டின் மதிப்பு விளங்கும். உயர் அழுத்தம் தாங்கும் சில்லும் தாங்கியும் இருந்தால், வாயு கரைந்த நிலையிலேயே எண்ணெயை ஓட்டலாம். அழுத்தம் குறைந்து வாயு பிரியத் தொடங்கும் புள்ளிக்கு அருகில் ஆஸ்பால்டீன் நிலைகுலையும் இயல்புடையது என்பதால், இது வெறும் வசதி அல்ல. பாட்டிலால் எந்நாளும் தர முடியாத தகவல்.

இனி அதன் குறைகள். வாய்க்கால் குறுகியது என்பதால் உள்ளே எப்போதும் கலங்காமல் அடுக்கடுக்காக நகரும் வரிச்சீர் ஓட்டம்தான். வயலில் துளிகளை உடைப்பதும் மோதவைப்பதும் சோக் வால்விலும் பம்பிலும் நிகழும் கொந்தளிப்பு. அது சில்லுக்குள் வராது. அடுத்தது துளியின் வயது. சில்லில் பிறந்த துளி அரை விநாடியில் மோதுமிடத்துக்கு வந்துவிடும். அதன் மேல் தோல் வளர நேரமே இருந்திராது. வயலிலிருந்து வரும் துளிக்கோ கிணற்றடியிலிருந்து தொட்டிவரை மணிக்கணக்கில் வயது ஆகியிருக்கும். இளந்துளிகள் எளிதில் இணைவதைப் பார்த்து, இந்த எண்ணெயில் பால்மச் சிக்கலே இல்லை என்று அறிக்கை எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. நீண்ட வளைவு வாய்க்கால் அமைத்தோ, துளிகளைச் சிறு குழிகளில் நிறுத்தி வைத்தோ, வெளியே தயாரித்து முதிர்ந்த பால்மத்தைச் செலுத்தியோ இதைச் சமாளிக்கிறார்கள். மூன்றுமே வேலையைக் கூட்டுவன.

மூன்றாவது குறையை என் சொந்த அனுபவத்தில் அறிந்தேன். கனமான கச்சா எண்ணெய் ஒன்றைச் சில்லில் ஓட்டியபோது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாய்க்கால் அடைத்துக்கொண்டது. தொலுயீன், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று வரிசையாகக் கழுவியே நாள் போனது. கடைசியில் மாதிரியை 5 மைக்ரான் வடிகட்டியில் வடித்துச் செலுத்தினோம். அடைப்பு நின்றது, அளவீடுகள் அழகாக அமைந்தன, ஒரு மருந்து தெளிவாக முன்னிலை பெற்றது. அதை வயலில் செலுத்தியபோது எந்தப் பயனும் இல்லை. பாட்டில் சோதனைக்குத் திரும்பி, ராக் படலத்தை எடுத்துக் கழுவிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று: நீர்த்துளிகளைப் பிடித்து வைத்திருந்தவை இரும்பு சல்பைடும் மெழுகும் சேர்ந்த துகள்கள். சில்லைக் காப்பாற்ற நாங்கள் வடிகட்டி எறிந்தது அந்த நோயின் காரணத்தையே. வடிகட்டாமல் ஓட்ட முடியாத மாதிரியைச் சில்லில் ஓட்டக் கூடாது என்ற விதியை அதன் பிறகு எனக்கு நானே வகுத்துக்கொண்டேன்.

எந்தச் சில்லு

சில்லு என்று முடிவெடுத்தாலும் அது எதனால் ஆனது என்ற கேள்வி நிற்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் காணப்படுவது பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பர். அச்சில் ஊற்றி ஒரே நாளில் வார்த்துவிடலாம், விலையும் குறைவு. கச்சா எண்ணெய்க்கு அது ஒத்துவராது. ஹார்வர்டின் ஒயிட்சைட்ஸ் குழு 2003இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, தொலுயீனில் அது நீளவாக்கில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஊதுகிறது. 50 மைக்ரான் ஆழ வாய்க்காலின் சுவர்களே இப்படி ஊதினால், துளி அளவு பற்றிய எந்த எண்ணையும் நம்ப முடியாது. அழுத்தமும் ஒரு சிக்கல். 100 மில்லிபாஸ்கல்-விநாடி பாகுத்தன்மையுள்ள எண்ணெயை அதே 50 மைக்ரான் ஆழ வாய்க்காலில் 2 சென்டிமீட்டர் தொலைவுக்கு விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் செலுத்த ஒரு பாருக்குமேல் அழுத்தம் வேண்டும். எண்ணெய் பத்து மடங்கு பாகானால் அழுத்தமும் பத்து மடங்காகும். ரப்பர் ஒட்டு அதைத் தாங்காது. கனிம எண்ணெயை வைத்து மாணவர்களுக்குச் செய்து காட்டவும், புதிய வாய்க்கால் வடிவத்தை முயன்று பார்க்கவும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே கண்ணாடி. எந்தக் கரைப்பானையும் தாங்கும், சூடு தாங்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் கண்ணாடி இயல்பாகவே நீரை விரும்புவது. எண்ணெய்க்குள் நீர்த்துளி வேண்டுமென்றால், சுவரை எண்ணெய் விரும்பியாக்கச் சிலேன் பூச்சு பூச வேண்டும்; இல்லாவிட்டால் நீர் துளியாகாமல் சுவரைப் பற்றிக்கொண்டு ஓடும். பூசினாலும் நிம்மதி இல்லை. ஆஸ்பால்டீன் மெல்லப் படிந்து, காலையில் இருந்த சுவர் மாலையில் வேறொரு சுவராகிவிடும். சிலிக்கானும் கண்ணாடியும் இணைந்த சில்லு உயர் அழுத்தத்துக்கு ஏற்றது, விலையும் அதற்கேற்றது. மெழுகு மிகுந்த எண்ணெய்க்கு எந்தச் சில்லானாலும், சிரிஞ்சு முதல் கடைசி இணைப்பு வரை சூடாக்கியாக வேண்டும். சூடாக்காத ஒரு விரற்கடைக் குழாயில் மெழுகு உறைந்தால் அன்றைய வேலை முடிந்தது.

மேலே சொன்ன குறைகளில் எத்தனை எண்ணெய்க்குள் நீர் என்ற நிலைமைக்கு மட்டும் உரியவை என்பதை நோக்க வேண்டும். நிலைமையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எண்ணெயைப் பிரித்த பின் எஞ்சும் நீரில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. வட கடல் நாடுகள் கட்டுப்படும் ஆஸ்பார் உடன்பாட்டின்படி, அந்த நீரைக் கடலில் விடுமுன் லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய்க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இங்கே ஓடும் பாய்மம் உப்புநீர்: பாகுத்தன்மை குறைவு, அழுத்தம் குறைவு, ஒளி தடையின்றிக் கடக்கும். கண்ணாடி நீரை விரும்புவதால் பூச்சு தேவையில்லை. கால அளவும் பொருந்துகிறது. அந்த நீரைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் ஹைட்ரோசைக்ளோனுக்குள் ஒரு துளி தங்குவது ஓரிரு விநாடிதான்; சில்லில் நாம் பார்க்கும் காலமும் அதுவே. துளி 10 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் ஹைட்ரோசைக்ளோன் தடுமாறும் என்பதால், அதற்கு முன் துளிகள் இணையுமா என்பதே அங்கு உயிரான கேள்வி. பாட்டிலிலோ, லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் எண்ணெய் என்பது நீர் சற்றுக் கலங்கலாக இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் காட்டாது. டிரான்ஹைமிலுள்ள நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உகெல்ஸ்டாட் ஆய்வகம், கச்சா எண்ணெய்த் துளிகள் உப்புநீரில் தொட்டுக்கொண்ட பிறகு இணைய எடுக்கும் நேரத்தைச் சில்லில் அளந்துவருவது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

வேறு கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குறைபுல அணுக்காந்த ஒத்ததிர்வு கரிய எண்ணெயிலும் துளி அளவுப் பரவலைத் தரும், தனித் துளியைக் காட்டாது. ஒளிச்சிதறல் கருவிகள் பாட்டிலில் நடப்பதைத் தானாகக் குறித்துக்கொள்ளும் எழுத்தர்கள். தொங்குதுளிக் கருவி தோலின் விறைப்பை மணிக்கணக்கில் அளக்கும். சில்லால் பார்க்க இயலாத முதுமையை அது பார்ப்பதால், சில்லுக்கு நல்ல துணை.

ஒரே ஒரு வேதியியலாளரும், மாதந்தோறும் மருந்தளவைச் சரிபார்க்கும் பொறுப்பும் உள்ள வயல் ஆய்வகம் என்றால், நான் வாங்கச் சொல்வது ஒரு குலுக்கும் இயந்திரம், சூடாக்கும் வசதியுள்ள சென்ட்ரிஃபியூஜ், கேமரா பொருத்திய சாதாரண நுண்ணோக்கி ஆகிய மூன்றையே. சில்லின் மொத்தச் செலவில் பெரும்பங்கைத் தின்பது வேகக் கேமராதான். அதைவிடப் பெரிய செலவு, படங்களிலிருந்து துளிகளை எண்ணும் நிரல் தெரிந்த ஆள். அப்படியொருவர் இல்லாத இடத்தில் கருவி ஆறாம் மாதம் உறை போட்டு மூடப்படும். மாறாக, அப்படிப்பட்ட ஆளும், பல வயல்களின் நீர் மாதிரிகளும் உள்ள மைய ஆய்வகமோ பல்கலைக்கழகமோ என்றால், பூச்சில்லாக் கண்ணாடிச் சில்லோடு எண்ணெய் கலந்த நீரில் தொடங்கி ஓராண்டு பழகிய பின், எண்ணெய்க்குள் நீர் என்ற பக்கத்துக்கு வரலாம்.

எந்தப் பக்கம் போனாலும், மாதிரி எடுக்கும் விதத்தை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். மாதிரி எடுக்கும் இடத்துக்கு முன்னால் குழாயில் செலுத்தப்படும் பால்மமுறிப்பானைச் சிறிது நேரம் நிறுத்தி, பழைய மருந்து முழுதும் ஓடிப்போன பிறகே மாதிரி எடுக்க வேண்டும். வால்வை முழுதும் திறந்து பீய்ச்ச விடாமல் மெல்லத் திறந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதிரி வால்வே புதிய பால்மத்தைக் கடைந்துவிடும். பாட்டிலின் மேல் தேதியை மட்டும் எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எடுத்த மணியும் நிமிடமும் எழுதப்பட வேண்டும். காலை பத்து மணிக்கு எடுத்த பால்மமும், அதே பாட்டிலில் மாலை நான்கு மணிவரை கிடந்த பால்மமும் ஒரே மருந்துக்கு ஒரே விடை சொல்வதில்லை.